கென்யா, தான்சானியா, உகாண்டா: சஃபாரியில் பெரிய விலங்குகளைப் பார்ப்பது எப்படி

சஃபாரிக்கு முன்பணம் கட்டியதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அஞ்சையும் பார்த்துடலாமா?" என்பதுதான். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் ஆகிய இந்த ஐந்தைத்தான் பிக் ஃபைவ் என்கிறார்கள். துப்பாக்கியோடு நடந்து போய் வேட்டையாடின காலத்தில் எதைச் சுடுவது ரொம்பக் கஷ்டம், எது திரும்பி வந்து ஆளைக் கொல்லும் என்று வேட்டைக்காரர்கள் போட்ட கணக்கு அது. பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சிவிங்கிப்புலி (சீட்டா) அதில் கிடையாது, ஒட்டகச்சிவிங்கி கிடையாது, நீர்யானை, கழுதைப்புலி, கொரில்லா எதுவுமே கிடையாது. ஆனாலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஓட்டுநரை விரட்டி, ஒவ்வொரு விலங்கிடமும் ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு, பகல் முழுக்கப் புழுதி தின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். குறைவாக ஓடுங்கள், நிறைய நேரம் நில்லுங்கள், நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான விவரங்கள்.

எங்கே, எப்போது

எல்லா விலங்கும் எல்லா இடத்திலும் இருக்காது. பயண ஏற்பாடு செய்கிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். தான்சானியாவின் ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்தில் கருப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் ஒட்டகச்சிவிங்கி அங்கே கிடையாது, சுமார் 600 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிற சரிவு, கீழே அது மேய்வதற்கு வேண்டிய மரமும் குறைவு. நைரோபி தேசியப் பூங்கா 1946ல் தொடங்கியது, வெறும் 117 சதுர கிலோமீட்டர், நகரத்துக் கட்டடங்கள் பின்னணியில் தெரியக் காண்டாமிருகம் மேயும், சிங்கமும் உண்டு, காட்டு யானை மட்டும் கிடையாது. விமானம் மாறுவதற்கு அரை நாள் கிடைத்தால் இந்தப் பூங்காவுக்குப் போய்விடலாம்.

யானைக்கு என்றால் கென்யாவில் அம்போசெலி, தான்சானியாவில் தரங்கிரே. தரங்கிரேவுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை போக வேண்டும், சுற்று வட்டாரமே காய்ந்துபோய் மிருகங்கள் எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்துவிடும். வடக்குக் கென்யாவின் சம்புரு தனி உலகம்: வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாத கிரேவி வரிக்குதிரை, வலைபோட்ட மாதிரி உடம்புள்ள ஒட்டகச்சிவிங்கி, பின்னங்காலில் எழுந்து நின்று முள்மரத்து இலையைத் தின்னும் ஜெரெனுக் மான், நீளக் கொம்பு ஓரிக்ஸ். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் சம்புருவை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

வில்டபீஸ்ட் என்கிற, மாடு மாதிரி இருக்கிற மான்களின் இடம்பெயர்வைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது, ஏதோ வருடத்துக்கு ஒரு நாள் நடக்கிற திருவிழா என்பதுபோல. அது வருடம் முழுக்க நடக்கிற சுற்று. பத்து லட்சத்துக்கும் மேல் வில்டபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரையும் கெசல் மான்களும் மழையைத் தேடி, புல்லைத் தேடி நகர்ந்துகொண்டே இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளிக்குத் தெற்கே, ந்டுட்டு பக்கம் இருக்கும். எரிமலைச் சாம்பல் படிந்த மண், அதில் முளைக்கிற குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கிற தாய்களுக்கு அது வேண்டும். பிப்ரவரியில் இரண்டு மூன்று வாரத்துக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடும். ஒரே சமயத்தில் அத்தனை கன்று விழுந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்? மீதி பிழைத்துக்கொள்ளும். பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்பதை, விழுவதை, மறுபடி எழுந்து தாயோடு ஓடுவதை ந்டுட்டுவில் கண்ணால் பார்க்கலாம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கூட்டம் மாரா ஆற்றுப் பக்கம் வரும், அப்போதுதான் அந்தப் பிரபலமான ஆற்றைக் கடக்கும் காட்சி. அதற்கு நேரம் காலம் கிடையாது. கரைவரை வந்து, மணிக்கணக்காக நின்று, ஒன்று குதிக்கப் பார்த்து, மொத்தமாகத் திரும்பிப் போய்விடும். மதியச் சோற்றைக் கட்டிக்கொண்டு போய்க் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் அது. இரண்டில் ஒன்று என்றால் நான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுப்பேன்.

மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை. சேற்றில் வண்டி சிக்கும், ஆனால் விலை குறையும், கூட்டமும் இருக்காது.

கென்யாவின் மசாய் மாரா ரிசர்வுக்குள் (அரசுக் காப்பகத்துக்குள்) தங்குவதா வெளியேயா என்று கேட்பார்கள். ரிசர்வின் வடக்கு எல்லையை ஒட்டி ஓலாரே மோடோரோகி, நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள் இருக்கின்றன. மசாய் குடும்பங்களின் நிலத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவது, வாடகைப் பணம் அந்தக் குடும்பங்களுக்குப் போகிறது. வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உண்டு, இரவிலும் போகலாம், நடந்தும் போகலாம். ரிசர்வுக்குள் இதெல்லாம் முடியாது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு நாள் குறைத்துக்கொண்டாவது அங்கே தங்கலாம் என்பேன்.

வண்டி, நேரம், கையில் என்ன

நிலநடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்கக் காலை ஆறரைக்குச் சூரியன், மாலை ஆறரை வாக்கில் இருட்டு. பூங்கா வாசல் ஆறு மணிக்குத் திறக்கும்போது நீங்கள் வாசலில் இருக்க வேண்டும். விடுதியில் காலை டிபனை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புகிற திட்டம் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், டிபனைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போய்க் காட்டில் சாப்பிடலாம். மதிய வெயிலில் பூனைக் குடும்பம் எல்லாம் படுத்துவிடும், ஆனால் யானை தண்ணீருக்கு வரும், வில்டபீஸ்ட் ஆற்றைக் கடக்கும், சிவிங்கிப்புலி வேட்டையாடும். அதனால் நடுப்பகல் என்றாலே சும்மா என்று முடிவு கட்ட வேண்டாம்.

வண்டியைவிட ஓட்டுநர் முக்கியம். கென்யாவில் வழிகாட்டிகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துத் தரம் கொடுக்கிற சங்கம் இருக்கிறது, என்ன தரம் என்று தயங்காமல் கேட்கலாம். முதல் நாளே அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: எங்களுக்குப் பட்டியல் வேண்டாம், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் சம்மதம் என்று. நல்ல வழிகாட்டியின் முகம் அங்கேயே மலர்ந்துவிடும்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று வேண்டும். குடும்பத்துக்கு ஒன்று என்று எடுத்துப் போனால் சிறுத்தை மரத்திலிருந்து இறங்குகிற அந்தப் பத்து விநாடியில் அது உங்கள் கையில் இருக்காது. 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, போதும், அதற்கு மேல் பெருக்கம் போனால் கை நடுக்கம் தெரியும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு காலித் துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டால் ஸ்டாண்ட் தேவையில்லை. படம் எடுக்கும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வில் எல்லாம் மங்கிவிடும். அதைவிட, இன்ஜின் நின்றால்தான் காது வேலை செய்யும். கருநீலமும் கருப்பும் உடுத்த வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும், கடித்தால் சட்டையைத் தாண்டிச் சுருக்கென்று ஏறும். தான்சானியப் பூங்காக்களில் மரத்தில் தொங்குகிற நீலமும் கருப்புமான துணிகள் அந்த ஈக்களைப் பிடிக்க வைத்த பொறிகள்தான். ங்கொரொங்கொரோ விளிம்பு 2,200 மீட்டருக்கு மேல், விடியற்காலை ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவிலும் தான்சானியாவிலும் தடை இருக்கிறது, பெட்டிக்குள் சாமான் சுற்றி வைக்கும்போதே துணிப்பைக்கு மாறிவிடுங்கள்.

விலங்கை எப்படிக் கண்டுபிடிப்பது

முழு உருவத்தைத் தேடினால் கிடைக்காது. காது, வால் நுனி, புல்லுக்கு மேல் ஒரு வட்டம், மரக்கிளையிலிருந்து தொங்குகிற ஒரு கோடு, இப்படித் துண்டு துண்டாகத் தேட வேண்டும். செரெங்கெட்டியின் செரோனேரா ஆற்றோரம் பெரிய மரங்களின் கிடையான கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால், கிளைக்குக் கீழே நேராகத் தொங்கி நுனியில் மட்டும் சுருண்ட ஒன்று தெரியும். அதுதான் சிறுத்தையின் வால். உடம்பு அதற்கு மேல் இலையோடு இலையாகக் கிடக்கும்.

அதைவிட நல்ல வழி, மற்ற விலங்குகளின் கண்ணைப் பார்ப்பது. ஒட்டகச்சிவிங்கி மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் அந்தத் திசையில் ஏதோ இருக்கிறது. டோபி என்கிற செம்பழுப்பு மான் கரையான் புற்றின் மேல் ஏறி நிற்கும், அது நிற்கும் விதத்தைக் கவனியுங்கள், சும்மா நிற்கும்போது தலை திரும்பிக்கொண்டே இருக்கும், சிங்கத்தைப் பார்த்துவிட்டால் அசையாது. இம்பாலா மூக்கால் சீறும். வெர்வெட் குரங்கு இன்னும் ஒரு படி மேல்: சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. அம்போசெலியில் செய்த ஆராய்ச்சி இதை 1980ல் நிரூபித்தது, ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினால்கூடச் சிறுத்தைச் சத்தத்துக்கு மரத்தில் ஏறின, கழுகுச் சத்தத்துக்கு அண்ணாந்து பார்த்தன, பாம்புச் சத்தத்துக்குக் குனிந்து தரையைப் பார்த்தன. மரத்தடியில் குரங்குகள் கத்தும்போது அவசரப்படாமல் நின்று, அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள்.

பிணந்தின்னிக் கழுகுகளும் வழி சொல்லும். வானத்திலிருந்து வரிசையாக இறங்கினால் செத்த உடம்பு தனியாகக் கிடக்கிறது. மரத்தில் உட்கார்ந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தால் கொன்றது இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஓட்டுநர்கள் ரேடியோவில் சுவாஹிலியில் பேசிக்கொள்வார்கள். சிம்பா சிங்கம், சுயி சிறுத்தை, டுமா சிவிங்கிப்புலி, டெம்போ யானை, கிஃபாரு காண்டாமிருகம், ஃபிசி கழுதைப்புலி. இவ்வளவு தெரிந்தாலே அடுத்து எங்கே போகிறோம் என்று புரிந்துவிடும்.

ஒன்றுபோல் தெரிகிறவை

சிறுத்தைக்கு உடம்பில் ரோஜாப்பூ மாதிரி வளையம் வளையமாகப் புள்ளிகள், கழுத்து தடிமன், கால் குட்டை. சிவிங்கிப்புலிக்கு நிரம்பிய கரும்புள்ளிகள், ஒல்லியான இடுப்பு, சின்னத் தலை, கண்ணின் உள்மூலையிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கருங்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

வெள்ளைக் காண்டாமிருகமும் வெள்ளை இல்லை, கருப்பும் கருப்பில்லை, இரண்டுமே உருண்டு புரண்ட சேற்றின் நிறம்தான். வாயைப் பாருங்கள். புல் மேய்கிற வெள்ளைக்கு உதடு அகலமாக, சதுரமாக இருக்கும், தலை எப்போதும் தரையோடு. புதரில் தழை பறிக்கிற கருப்புக்கு மேலுதடு கூராக நீண்டிருக்கும். கன்று இருந்தால் இன்னும் எளிது: வெள்ளைக்குக் கன்று முன்னால் ஓடும், கருப்புக்குத் தாய்க்குப் பின்னால் ஓடும். நகுரு ஏரிப் பூங்காவில் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். கென்யாவில் நீங்கள் பார்க்கிற வெள்ளை எல்லாம் தென்னாப்பிரிக்க வம்சம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் உலகத்திலேயே மிச்சம் இரண்டுதான், நாஜின் என்கிற தாயும் ஃபாட்டு என்கிற மகளும், இருவரும் கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில். கடைசி ஆண் சூடான் 2018 மார்ச்சில் செத்துப்போனது. அங்கே போய் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் மனசு கனத்துப்போகும், ஆனாலும் போய்ப் பாருங்கள், நுழைவுக் கட்டணம் காவலுக்குப் போகிறது.

வரிக்குதிரையில் வயிற்றைப் பாருங்கள். கோடு வயிற்றுக்கு அடிவரை சுற்றிப் போனால் சாதா வரிக்குதிரை. வயிறு வெள்ளையாக, கோடு நெருக்கமாக, காது பெரிய வட்டமாக இருந்தால் கிரேவி. ஒட்டகச்சிவிங்கி கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று வகை: மாரா, செரெங்கெட்டி பக்கம் கிழிந்த இலை மாதிரித் திட்டுகள் உள்ள மசாய் வகை, சம்புருவில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் பிரிக்கிற வலை வகை, நகுருவிலும் உகாண்டாவின் மர்ச்சிசன் அருவிப் பூங்காவிலும் முழங்காலுக்குக் கீழே புள்ளியே இல்லாமல் வெள்ளைக் காலுறை போட்ட வகை. ஆணா பெண்ணா என்று பார்க்க உச்சந்தலைக் கொம்பைப் பாருங்கள், பெண்ணுக்கு நுனியில் கருப்பு மயிர்க்கற்றை இருக்கும், சண்டை போட்டுப் போட்டு ஆணுக்கு வழுக்கையாகிவிடும்.

மான்களில் நாலு தெரிந்தால் போதும். தாம்சன் கெசல் சின்னது, விலாவில் அழுத்தமான கருங்கோடு, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். கிராண்ட் கெசல் அதைவிடப் பெரியது, பின்புற வெள்ளை வாலுக்கு மேலே முதுகுவரை ஏறியிருக்கும். இம்பாலாவுக்குப் பின்பக்கம் மூன்று கருங்கோடுகள், ஆணுக்கு மட்டும் கொம்பு. ஈலாண்ட் மாட்டைவிடப் பெரியது, கழுத்தில் அலைதாடி தொங்கும், வண்டியைக் கண்டால் தூரத்திலேயே நடையைக் கட்டிவிடும்.

நின்று பார்க்க வேண்டியவை

தூங்குகிற சிங்கத்தைப் பார்த்துவிட்டு "இது ஒண்ணும் பண்ணாது" என்று கிளம்பிப் போகிறவர்கள் நாலரை மணிக்குத் திரும்பி வந்து நின்றால் வேறு கதை. வயிறு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஊதிப்போய் மூச்சுவாங்கக் கிடந்தால் நாளைக்குத்தான். ஒட்டியிருந்தால் காத்திருங்கள். ஒன்று கொட்டாவி விடும், அப்புறம் இன்னொன்று, எழுந்து உடம்பை நீட்டி முறிக்கும், ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், ஓரமாய்ப் போய்ச் சிறுநீர் கழிக்கும். இந்த வரிசை வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் நடக்கத் தொடங்கிவிடும். மூக்கு நுனியில் வயது தெரியும், இளசுக்கு இளஞ்சிவப்பு, வயதாக ஆகக் கரும்புள்ளி பரவி முழுக்கக் கருத்துப்போகும்.

சிவிங்கிப்புலி விஷயத்தில் மட்டும் தள்ளி நில்லுங்கள். 2018ல் வெளியான மாரா ஆய்வு ஒன்று சொல்வது: வண்டிகள் அதிகம் வருகிற பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் வளர்ந்து தாயைப் பிரியும் வயதை எட்டுகிறது, வண்டிகள் குறைந்த பகுதியில் 2.3. வேட்டை கெடுவது, சுற்றி நிற்கிற வண்டிகளைப் பார்த்துக் கழுதைப்புலி வந்து இரையைப் பறிப்பது எல்லாம் காரணமாக இருக்கலாம். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்பது மாராவின் விதி. ஆறாவதாக நீங்கள் போய்ச் சேர்ந்தால் தூரத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள், புல்வெளியில் வண்டியை இறக்கு என்று மட்டும் ஓட்டுநரை நெருக்காதீர்கள். அபராதமும் வேலைக்கு ஆபத்தும் அவருக்குத்தான்.

கழுதைப்புலியை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆளுக்கு ஆள் அசிங்கம் என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்கள், எனக்கோ இந்தச் சமவெளியின் மிகச் சுவாரசியமான விலங்கு இதுதான். புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் பெண்தான் பெரியது, பெண்தான் தலைமை, மகள் தாயின் அந்தஸ்தைப் பெறுகிறது, வெளியிலிருந்து வந்து சேர்கிற ஆணுக்குக் கடைசி இடம். எச்சில் தின்கிறது என்கிற பெயரும் சரியில்லை. 1960களில் ங்கொரொங்கொரோவில் இரவு இரவாகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, கழுதைப்புலி வேட்டையாடியதைச் சிங்கம் பறித்துத் தின்பதுதான் அங்கே அடிக்கடி நடந்தது. காலையில் வளை வாசலில் குட்டிகள் இருக்கும், கன்னங்கரேலென்று, பயமில்லாமல் வண்டிச் சக்கரத்தை வந்து மோந்து பார்க்கும். அங்கே அரை மணி நேரம் கொடுங்கள்.

யானை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த விலங்குதான், அதனாலேயே சில விஷயங்களில் ஏமாந்துபோவோம். அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு, எனவே தந்தத்தை வைத்து ஆண் என்று முடிவு செய்ய முடியாது. நெற்றியைப் பாருங்கள், பக்கவாட்டில் பார்க்கும்போது பெண்ணுக்கு மூலை போல் மடிந்திருக்கும், ஆணுக்கு உருண்டு வளைந்திருக்கும். முதுகு நம் யானைக்கு மேல்நோக்கி வளையும், அங்கே நடுவில் பள்ளம். தும்பிக்கை நுனியில் நம்முடையதற்கு ஒரு விரல், அதற்கு இரண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரம் வழிந்தால் மதம் என்று பதற வேண்டாம், பரபரப்பானால் அங்கே பெண்ணுக்கும் அது வழியும். ஈரத்தோடு சிறுநீரும் சொட்டிக்கொண்டே, பின்னங்கால் உள்பக்கம் நனைந்து, தலையை நிமிர்த்தி ஓர் ஆண் வந்தால்தான் மதம், அதற்கு வழி விட்டுவிட வேண்டும்.

அம்போசெலியில் கிளிமஞ்சாரோவின் நீர் நிலத்தடியாக வந்து சதுப்பாக ஊறுகிறது. அங்கே நெஞ்சளவு தண்ணீரில் நின்று யானைகள் மேயும். கரையோரம் ஒரே யானையைப் பதினைந்து நிமிடம் பாருங்கள். தும்பிக்கையால் புல்லைச் சுற்றிப் பிடிக்கும், முன்காலின் நகத்தால் வேரோரம் ஒரு உதை, பிடுங்கியதை முழங்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதிர்க்கும், அப்புறம்தான் வாய்க்குள். குட்டி அதையே செய்து பார்க்கும், பாதிப் புல் கீழே விழும், அம்மா வாயிலிருந்து எடுத்துத் தின்னும். தந்தங்களில் ஒன்று மற்றதைவிடத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், அது அதிகம் பயன்படுத்தும் பக்கம். இந்த யானைக் குடும்பங்களை 1972லிருந்து பெயர் வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்து வருகிறார்கள், நல்ல வழிகாட்டிக்கு எந்தக் குடும்பம் எது என்றே தெரியும்.

காது விரித்து, தலை தூக்கி, உங்களை நேராகப் பார்த்து நின்றால் அது போதும் என்று சொல்கிறது. வெறும் மிரட்டலா நிஜமா என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஓட்டுநரைப் பின்வாங்கச் சொல்லுங்கள். அதேபோல் கூட்டத்தைவிட்டுத் தனியே சேற்றில் கிடக்கிற கிழட்டு ஆண் காட்டெருமை, இருட்டில் புல் மேயக் கரையேறுகிற நீர்யானை இரண்டும் ஆபத்து. ஏரிக்கரை, ஆற்றங்கரை முகாமில் தங்கினால் ராத்திரி கூடாரத்தை விட்டுத் தனியாக வெளியே வராதீர்கள், டார்ச் அடித்துக் காவலரைக் கூப்பிட்டால் வந்து கூட்டிக்கொண்டு போவார். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.

காட்டுக்குள்

சமவெளியில் கற்றது காட்டில் பாதிதான் உதவும். உகாண்டாவின் பிவிண்டி மலைக்காட்டில் கொரில்லா பார்க்க அனுமதிச் சீட்டு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், பார்க்கக் கிடைப்பது ஒரு மணி நேரம், பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். 2018ல் வந்த கணக்கெடுப்பின்படி மலைக் கொரில்லா ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அந்தப் பணத்துக்கும் அதில் பங்கு உண்டு.

போய்ச் சேர அரை மணியும் ஆகலாம், ஆறு மணியும் ஆகலாம். கணுக்கால் மூடுகிற பூட்ஸ், அதற்குள் செருகிய பேண்ட், முட்செடியைப் பிடித்து ஏறத் தோட்டக் கையுறை. பை தூக்க உள்ளூர் ஆள் ஒருவரைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், உடம்பில் தெம்பு இருந்தாலும் கூட. அந்தக் காட்டோரத்துக் குடும்பங்களுக்குக் கொரில்லாவால் நேரடியாகக் கிடைக்கிற கூலி அது, சறுக்குகிற இடத்தில் கையும் கொடுப்பார். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், நம் சளி அவற்றைக் கொன்றுவிடும். முகக்கவசம் போட வேண்டும், தூரம் முன்பு 7 மீட்டர் என்றிருந்ததைக் கொரோனாவுக்குப் பிறகு 10 ஆக்கினார்கள். முதுகு வெள்ளியாக நரைத்த தலைவன் ஆண் எழுந்து ஓடி வந்தால் ஓடாதீர்கள், குந்தி உட்கார்ந்து கண்ணைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். குட்டியே நெருங்கி வந்தால் நீங்கள்தான் பின்னால் நகர வேண்டும்.

உகாண்டாவின் கிபாலே காட்டில் சிம்பன்சிக்குக் காதுதான் முதலில். பலகை போல் விரிந்த மரவேரைக் காலால் உதைத்து மேளம் தட்டுவதும், உஊ உஊ என்று ஏறி அலறலாக முடிகிற கூப்பாடும் கேட்டவுடன் வழிகாட்டி ஓட்டமும் நடையுமாய்க் கிளம்புவார், நீங்களும் ஓட வேண்டும். அத்திப்பழம் பழுத்த மரம் கிடைத்துவிட்டால் நிம்மதியாக நிற்கலாம், மரத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

கென்யாவின் அபர்டேர் மலைக்காட்டில் நடக்க வேண்டியதில்லை, உப்பு மண் குட்டையை ஒட்டிக் கட்டிய விடுதியில் ராத்திரி உட்கார்ந்திருந்தால் யானையும் எருமையும், கொஞ்சம் கொடுப்பினை இருந்தால் உலகத்திலேயே பெரிய காட்டுப்பன்றியான ராட்சதக் காட்டுப்பன்றியும் வந்து மண்ணை நக்கும். மலை போங்கோ மான் காட்டில் நூறுகூட மிச்சமில்லை, அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

எத்தனை நாள்

இந்தியாவிலிருந்து கென்யா, உகாண்டா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படப் பத்து நாளுக்கு முன்பே போட்டு மஞ்சள் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், நாள் முன்பதிவு தேவைப்படும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், எதையாவது கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

ஐந்து இரவுதான் கையில் இருக்கிறது என்றால் அம்போசெலியில் இரண்டு, மாராவில் மூன்று, அவ்வளவுதான். நகுரு, நைவாஷா, சம்புரு என்று ஒவ்வொரு இரவுக்கு ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிற திட்டங்களில் பாதிப் பகல் தார்ச்சாலையில் போய்விடும். பத்து நாள் என்றால் சம்புருவைச் சேருங்கள். கொரில்லாவைத் தனிப் பயணமாக வையுங்கள். கம்பாலாவிலிருந்து பிவிண்டிக்கு எட்டு முதல் பத்து மணி நேரச் சாலை, ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டிப் போனால் அதில் பாதிதான், அதனால் விமானச் சீட்டு போடும்போதே கிகாலியைப் பாருங்கள்.